துடுப்பு வாங்காதீங்க, செதுக்குங்க!

"கயாக் ஓட்டணுமா? மொதல்ல நல்ல கார்பன் ஃபைபர் துடுப்பா ஒண்ணு வாங்கு"ன்னு அட்வைஸ் பண்ற அண்ணாச்சிகள் எல்லா ஊர்லயும் இருக்காங்க. மரத்துல நாமளே செஞ்சுக்கலாமான்னு கேட்டா ஒரு நக்கல் சிரிப்பு வேற!

சாமிகளா, கயாக் யாரோட கண்டுபிடிப்பு? ஆர்க்டிக் மக்களோடது. கிரீன்லாந்துல சொல்லிக்கிற மாதிரி காடே கிடையாது. சைபீரிய ஆறுகள் அடிச்சுக்கிட்டு வந்து, கடல்ல மிதந்து கரை ஒதுங்குன மரத்தைச் செதுக்கித்தான் அங்கே இன்யூட் மக்கள் துடுப்பு செஞ்சாங்க. அதை நம்பித்தான் உறையுற கடல்ல சீல் வேட்டைக்குப் போனாங்க. அதைப் பார்த்தா சிரிக்கிறது?

அளவு எப்படி எடுக்குறதுன்னு பாருங்க. ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவோ அவ்வளவு, அதோட நம்ம முழம் ஒண்ணு. விரிச்ச கை 170 செ.மீ., முழம் 45 செ.மீ.ன்னா துடுப்பு 215 செ.மீ. அகலம், விரலை வளைச்சுப் பிடிக்க முடியுற அளவு, அதாவது 8-9 செ.மீ. முழுக்க உங்க உடம்போட கணக்கு. கடையிலயோ 210, 220, 230னு வரிசையா நிக்கும். கிட்டத்துல இருக்கறதை எடுத்துக்கிட்டு நாமதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.

"இவ்ளோ ஒல்லியா இருந்தா தண்ணியைத் தள்ளுமா?" அடுத்த கேள்வி இதுதான். அலகு சராசரியா 7.5 செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளம்னு வைங்க. 600 சதுர செ.மீ. வருது. கடைத் துடுப்புகள் பலதும் கிட்டத்தட்ட இதே பரப்புதான். அகலத்துல குறைஞ்சதை நீளத்துல ஈடு கட்டியாச்சு, அவ்ளோதான் மேட்டர்.

தச்சு வேலை தெரியாதா? ரம்பம், இழைப்புளி, உப்புத்தாள் போதும். நடுக்கோடு போட்டு, வடிவத்தை அறுத்து, ரெண்டு ஓரத்தையும் சமமா இழைச்சு மெலிசாக்கணும். கஷ்டமெல்லாம் மரம் பொறுக்குறதுலதான். சிடார், ஸ்ப்ரூஸ் மாதிரி லேசான மரமா, கணு இல்லாம, ரேகை நேரா ஓடுற பலகையா எடுங்க. அதுல சோம்பேறித்தனம் காட்டினா நடுக்கடல்ல உடையும்.

பாறையில மோதுற காட்டாத்துக்கு இது சரிப்படாதுன்னா ஒத்துக்கறேன். மத்தபடி, வாங்கினவருக்குக் கடை எங்கே இருக்குன்னு தெரியும். செஞ்சவருக்குத் துடுப்பு எங்கே பலவீனமா இருக்குன்னு தெரியும். தண்ணி நடுவுல எது உதவும்னு நீங்களே சொல்லுங்க.

டிஸ்கி: மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினா, துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. காயும்போது சூடேறித் தானாவே தீப்பிடிக்கலாம். வெளியில விரிச்சுக் காயப்போடுங்க :-)