வீடு நம் பேரில், பிளான் எங்கே?



நாலு முழம் பூ வாங்கக்கூட பேரம் பேசுகிற நாம், வீட்டு விஷயம் என்று வந்தால் மட்டும் 'அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துப்பாங்க' என்று ஒதுங்கி விடுகிறோம். இன்று பல குடும்பங்களில் வீட்டுப் பத்திரம் மனைவி பேரில்தான் இருக்கிறது. ஆனால் மாடி கட்டலாம், போர்டிகோவை அடைத்து ரூம் ஆக்கலாம், கார் நிறுத்துகிற இடத்தில் கடை போட்டு வாடகைக்கு விடலாம் என்று முடிவு எடுப்பது வீட்டுக்காரரும் மேஸ்திரியும். பிளானைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் யாரும்மா கேக்கப் போறா?" என்பதுதான் பதில்.

கேட்கிற நாள் வருகிறது தோழிகளே. அது வீட்டை விற்கிற நாள்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. கணவர் காலமாகி விட்டார். பிள்ளை வெளியூரில். தனியாக இருக்க முடியவில்லை, வீட்டை விற்று மகள் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கலாம் என்று நினைத்தார். கீழ் வீட்டுக்குப் பிளான் இருக்கிறது. மாடி, மகன் கல்யாணத்துக்காகப் பிறகு கட்டியது, அதற்குப் பிளான் இல்லை. வாங்க வந்த மூன்று பேரும் வீட்டைப் பிடித்துப் போய், பேங்க் வரை போய், அப்புறம் பின்வாங்கி விட்டார்கள். "சொத்து வரி ஒழுங்காக் கட்டியிருக்கேனே, கரண்ட் கனெக்‌ஷன் இருக்கே, அப்புறம் என்ன?" என்று அந்த அம்மா கேட்கிறார். நம்மில் பலர் கேட்கிற கேள்விதான் இது.

சொத்து வரி ரசீது அங்கீகாரம் ஆகாது. கட்டடம் இருக்கிறது, அதனால் வரி போடுகிறார்கள், அவ்வளவுதான். பத்திரப் பதிவும் அங்கீகாரம் ஆகாது. சொத்து கை மாறியதைத்தான் சார்பதிவாளர் பதிவு செய்கிறார். கட்டடம் விதிப்படி இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது உள்ளாட்சி அலுவலகமும், சி.எம்.டி.ஏ. அல்லது நகர ஊரமைப்புத் துறையும்தான்.

பேங்க் ஏன் தயங்குகிறது? டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கண்டித்த பிறகு, 2006 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா பேங்குகளுக்கும் உத்தரவு அனுப்பியது. அங்கீகரித்த பிளான் நகலைப் பார்க்காமல் வீட்டுக் கடன் தரக்கூடாது என்பது அதன் சாரம். 2024 டிசம்பர் 17-ல் உச்சநீதிமன்றம் மீரட் நகரத்து வழக்கு ஒன்றில் இன்னும் கடுமையாகப் பேசியது. எத்தனை வருஷம் குடியிருந்தாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், அனுமதியில்லாத கட்டடம் அதனாலேயே சட்டப்படியானது ஆகிவிடாது என்றது. நிறைவுச் சான்றிதழைப் பார்த்த பிறகே கடன் தர வேண்டும் என்றும் பேங்குகளுக்குச் சொன்னது. நம் மாநில விதிகளில் சிறிய தனி வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் பிளானிலிருந்து விலக்கு இல்லை.

இதனால் நஷ்டம் எப்படி வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டின் விலை 80 லட்சம், அதில் பிளான் இல்லாத மாடிக்கு 15 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். பேங்க் ஆள் வந்து அளந்து பார்த்து, 65 லட்சத்துக்குத்தான் மதிப்புப் போடுவார். மாடிக்கு உண்டான பணத்தை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். அவர் சும்மா போடுவாரா? "இடிக்கச் சொன்னா யாரு பொறுப்பு?" என்று 15-ஐயும் குறைத்து, அதற்கு மேலும் குறைப்பார். சில பேங்குகள் கடனே வேண்டாம் என்று விடும். மாடி கட்ட நகையை அடகு வைத்தவர் நாம், விற்கும்போது அந்த மாடி கணக்கிலேயே வராமல் போகிறது.

இந்த நேரத்தில் புரோக்கர் ஒரு யோசனை சொல்வார். "மாடியைப் பத்திரத்தில் காட்ட வேண்டாம். அந்தப் பணத்தை ரொக்கமா வாங்கிக்குங்க." இதில் ஏமாறாதீர்கள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று சேர்த்து 15 லட்சத்துக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் மிச்சம் என்பது வாங்குபவருக்குத்தான் லாபம். வீடு விற்பதில் 20 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதுமே அபராதமாகப் போகலாம் என்று 2015-லேயே வருமான வரிச் சட்டத்தைத் திருத்தி விட்டார்கள். கையெழுத்துப் போடுவது நாம், நோட்டீஸும் நம் பேரில்தான் வரும். தவிர, தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவரிடம் மறைக்கக்கூடாது என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது.

அரசாங்கத்தின் பங்கும் இதில் இருக்கிறது. 1999-ல் பணம் கட்டினால் வரன்முறைப்படுத்துவோம் என்று திட்டம் வந்தது. 2000-ல் உச்சநீதிமன்றம் ஒரு தடவைக்கு மட்டும் என்று அதை அனுமதித்தது. பிறகும் நீட்டித்துக் கொண்டே போனதை 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2012-ல் மறுபடி சட்டத்தில் 113-சி என்ற பிரிவு சேர்த்து, 2017-ல் விதிகள் போட்டார்கள். அதுவும் 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும். 'எப்படியும் ஒரு திட்டம் வரும்' என்று ஜனங்கள் கட்டிக் கொண்டே போனதற்கு இந்த மாற்றி மாற்றிப் பேசும் போக்கும் ஒரு காரணம். முறையாகப் பிளான் வாங்கியவர்கள்தான் ஏமாந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2019-ல் வந்த புதிய கட்டட விதிகளில், மனையைப் போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்பது இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் முன்பு 3600 சதுர அடி கட்டலாம், இப்போது 4800. ஆகவே அன்று அளவு மீறியதாக இருந்த மாடி, இன்று அளவுக்குள் வரலாம். பக்கத்தில் விட வேண்டிய காலி இடமும் விதிப்படி இருந்தால், இருப்பதை இருக்கிறபடி வரைந்து அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்தால்தான் சிக்கல்.

அதனால் விற்கிற எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, பீரோவைத் திறந்து பிளானை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் நகல் கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டும் கேட்கலாம். லைசென்ஸ் உள்ள இன்ஜினீயரை வைத்து, பிளானில் உள்ளதும் கட்டியிருப்பதும் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்கச் சொல்லுங்கள். பழைய அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்றும் அவரையே கேளுங்கள். 2014-ல் மௌலிவாக்கத்தில் இடிந்து 61 உயிர்களைப் பலி வாங்கிய அடுக்குமாடிக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது. காகிதம் மட்டும் வீட்டைத் தாங்காது என்பதையும் மறக்கக்கூடாது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் உடனடி அனுமதி என்று 2024-ல் கொண்டு வந்தது நல்ல காரியம். பெண்கள் பேரில் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்ததும் (1.4.2025 முதல்) நல்லதே. அதே மாதிரி, விதிக்குள் அடங்குகிற பழைய மாடிகளுக்கும் அலைய விடாமல் ஒரு சுலபமான வழி செய்ய வேண்டும். இப்போது பிளான் அப்ரூவல் என்றாலே இத்தனை நடை, இத்தனை 'கவனிப்பு' என்றுதான் ஜனங்கள் பயப்படுகிறார்கள்.

வயதான காலத்தில் நம்மைக் காப்பாற்றப் போகிற ஒரே சொத்து பலருக்கும் இந்த வீடுதான். அடுத்த தடவை மேஸ்திரி வந்து செங்கல் கணக்குச் சொல்லும்போது, காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "பிளான் வாங்கியாச்சா?" என்று கேளுங்கள்.

- ஒரு இல்லத்தரசி, குரோம்பேட்டை.