மந்திரியின் "இல்லை" என்ற பதில்

பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் அங்கத்தினர்கள் கேள்வி கேட்பதும், அதற்கு மந்திரிகள் பதில் சொல்லுவதும் ஏதோ பொழுதுபோக்குக் காரியம் என்றும், பத்திரிகைக்காரர்கள் பத்தியை நிரப்பிக்கொள்ளுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு என்றும் நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இது தப்பெண்ணமாகும். ஓட்டுப் போட்டுவிட்டு ஐந்து வருஷத்துக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய ஜனங்களுக்கு, சர்க்காரை நிறுத்தி வைத்து "கணக்கு எங்கே?" என்று கேட்க அந்த ஒரு மணி நேரம் ஒன்றுதான் உண்டு. வெள்ளைக்கார சர்க்கார் இவ்வுரிமையை 1892-ம் வருஷத்துச் சட்டத்தில்தான் நமக்குக் கிள்ளிக் கொடுத்தது; அதுவும் பதிலின்மேல் மறு கேள்வி போடக்கூடாதென்ற நிபந்தனையோடு. மறு கேள்வி கேட்கும் பாத்தியதை 1909-ல்தான் வந்தது. மறு கேள்வி என்றால் வெள்ளைக்காரன் பதினேழு வருஷம் பயந்தான் என்பதிலிருந்தே அதன் பலம் எவ்வளவென்று தெரியவில்லையா?

நிற்க, இந்த உரிமை கிடைத்த பிறகு சர்க்கார்கள் பதில் சொல்லாமல் பதில் சொல்லும் வித்தையை நன்றாகப் பழகிக்கொண்டன. பொதுஜன சுகாதாரம், ஏழை எளியவர் பராமரிப்பு ஆகிய விஷயங்களில் இந்த வித்தை அதிகமாக நடக்கிறது. ஏனெனில் அங்கே கணக்கு என்பது பிணத்தின் கணக்காயிருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்லுவோம். 2021-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ராஜ்ய சபையில் தோழர்கள் மல்லிகார்ஜுன கார்கேயும் ஹனுமந்தையாவும், கையால் மலம் அள்ளும் தொழிலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டார்கள். சமூக நீதி இலாகாவின் ராஜாங்க மந்திரி ராம்தாஸ் அதாவலே கொடுத்த பதில், அப்படிப்பட்ட சாவு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்பதாகும். ஆனால் அதே வருஷத்தில் அதே இலாகா பார்லிமெண்டுக்குக் கொடுத்த வேறொரு பதிலில், 2020 டிசம்பர் 31 வரையுள்ள ஐந்து வருஷத்தில் சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்யும்போது 340 பேர் செத்ததாகக் கணக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது! ஒரு கையால் 340 பிணத்தைக் காட்டி, மறு கையால் ஒன்றுமேயில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு இலாகாவால் முடிகிறதென்றால், அதன் சூட்சுமம் என்ன?

சூட்சுமம் சட்டத்தின் சொல்லில் இருக்கிறது. 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதாதென்று 2013-ல் மற்றொரு சட்டம் வந்தது. இந்த 2013-ம் வருஷத்துச் சட்டத்தின் 2-வது பிரிவு, எடுப்புக் கக்கூசிலும், அதன் மலம் போய் விழும் திறந்த சாக்கடையிலும் குழியிலும், ரயில் பாதையிலும் மலத்தைக் கையாளுபவனுக்குத்தான் "கையால் மலம் அள்ளுபவன்" என்று பெயர் வைத்திருக்கிறது. பாதாளச் சாக்கடைக்குள்ளும் மூடிய மலக்குழிக்குள்ளும் இறங்குகிறவனுக்கு அந்தப் பெயர் இல்லை. அவன் செய்வதற்கு "அபாயகரமான சுத்தம்" என்று வேறு பெயர். இரண்டுமே சட்டத்தால் தடுக்கப்பட்டவைதான். ஆனாலும் அங்கத்தினர் முதல் பெயரைச் சொல்லிக் கேட்டால், இரண்டாவது பெயரில் செத்தவனை மந்திரி எண்ணவேண்டியதில்லை. மலக்குழிக்குள் மூச்சு முட்டிச் செத்தவனுக்குத் தான் எந்தப் பிரிவின் கீழ் சாகிறோம் என்று எப்படித் தெரியும்? அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத்தான் என்ன தெரியும்? அதே வருஷக் கடைசியிலும் சர்க்கார் இந்தப் பாட்டையே பாடிற்று. மலம் அள்ளியதால் சாவு இல்லை, சுத்தம் செய்கையில் நேர்ந்த விபத்தில் 321 பேர் செத்தார்கள் என்று.

விபத்து என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மலக்குழிக்குள் அழுகல் நாற்றமடிக்கும் ஐதரசன் சல்பைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அது கொஞ்சமாயிருந்தால் மூக்குக்குத் தெரியும். அதிகமானால் மூக்கின் உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும். ஆகவே நாற்றம் போய்விட்டதென்று நம்பித் தைரியமாக இறங்குகிறவன் இரண்டொரு மூச்சில் சாய்கிறான். அவனைத் தூக்கப்போன இரண்டாமவனும், அவனைத் தூக்கப்போன மூன்றாமவனும் அதே குழியில் சாய்கிறார்கள். சங்கதி இன்னதென்று முன்கூட்டியே தெரிந்து, தடுக்க யந்திரமும் இருந்து, தடுக்கச் சட்டமும் இருந்து, பிறகும் ஒரு மனிதனைக் கயிற்றில் கட்டி இறக்குவதற்கு விபத்தென்று பெயர் கொடுப்பது எந்த அகராதியில் உள்ளது? கோவில் குருக்கள் இதைத் தலைவிதி என்பார்; மந்திரி விபத்து என்கிறார். பாஷைதான் வேறு, பொறுப்பைத் தட்டிக் கழிப்பதில் இருவரும் ஒன்றே.

இனி, இறங்குகிறவன் யார் என்று பார்க்கலாம். 2021 டிசம்பரில் ராஜ்ய சபையில் தோழர் மனோஜ் ஜா அதைத்தான் கேட்டார். கேள்வி ஒழுங்காயிருந்ததால் பதிலும் ஒழுங்காய் வந்தது. மலம் அள்ளுவோர் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மொத்தம் 58,098 பேர். ஜாதி விவரம் கிடைத்தவர்கள் 43,797 பேர். இவர்களில் தாழ்த்தப்பட்ட ஜாதியார் 42,594, பழங்குடியார் 421, பிற்பட்ட வகுப்பார் 431, மற்றவர்கள் 351. அதாவது நூற்றுக்கு 97 பேர் தாழ்த்தப்பட்டவர்கள். ஜாதி ஒழிந்து வெகு காலமாய்விட்டது, இப்போது ஜாதியைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் ஜாதியை வளர்க்கிறார்கள் என்று உபதேசம் செய்யும் பண்டிதர்கள் இந்த நாலு எண்களையும் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். அந்த 351 பேரில் பூணூல் போட்டவர் எத்தனை பேர் என்று யாராவது ஒரு மறு கேள்வி போட்டிருந்தால் நமக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும்.

இந்த வேலைக்கு மதத்தின் பேராலும் தேசியத்தின் பேராலும் புண்ணியப் பூச்சு பூசியவர்கள் உண்டு. காந்தியார் 1936-ல் தமது "ஹரிஜன்" பத்திரிகையில், இலட்சியத் தோட்டி எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு வியாசமே எழுதினார். டாக்டர் அம்பேத்கர் 1945-ல் வெளியிட்ட புத்தகத்தில், மலம் அள்ளுவதை மேலான சேவை என்று புகழும் இத்தகைய உபதேசத்தைக் கிழித்துப் போட்டார். அவ்வளவு மேலான சேவையானால் எல்லா ஜாதியாரும் போட்டி போட்டுக்கொண்டு வரவேண்டாமா? கோவில் கருவறைக்கு மட்டும் பரம்பரைப் பாத்தியதை, மலக்குழிக்கும் பரம்பரைப் பாத்தியதை என்று வைத்து, ஒன்றுக்குத் தட்சணையும் மற்றொன்றுக்குப் புகழ்ச்சியும் கொடுப்பது யோக்கியமான காரியமா?

சுகாதார இலாகாவின் கதையும் இதுதான். கொரோனாவின் இரண்டாம் அலையில் பிராணவாயு கிடைக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் தவித்ததை நாடே பார்த்தது. 2021 ஜூலை 20-ந் தேதி ராஜ்ய சபையில் கேட்டபோது, பிராணவாயுக் குறைவால் சாவு என்று தனியாக எந்த மாகாண சர்க்காரும் தெரிவிக்கவில்லை என்று பதில் வந்தது. சுகாதாரம் மாகாண விஷயம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊருக்கு நடந்தே போய்ச் செத்த கூலிகள் எத்தனை பேர் என்றதற்கு, கணக்கு வைக்கவில்லை என்றார்கள். அந்தக் கூட்டத்தில் கேள்வி நேரமே கிடையாது. எழுத்துப் பதில் மட்டுந்தான். மறு கேள்வி போட வழியில்லை. 1892-க்கே திரும்பிப் போனாற்போலத்தான்.

இவ்வளவும் டில்லி சங்கதிதானே, நமக்கென்ன என்று நம் நாட்டார் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன 340 சாவில் உத்தரப் பிரதேசம் 52, அதற்கு அடுத்தபடி தமிழ்நாடு 43. வைதீகக் கோட்டை என்று நாம் ஏளனம் செய்யும் உத்தரப் பிரதேசத்துக்குப் பக்கத்தில், சுயமரியாதை பேசும் நம் நாடு நிற்கிறது. அதன் ஜனத்தொகை நம்முடையதைப்போல் இரண்டு பங்குக்கு மேல் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்சியிலிருப்பவர் நம்மவரா அன்னியரா என்பதைப் பார்த்து இதைக் கேட்காமல் இருப்பது நமக்கு அழகல்ல.

கேட்டால் நடக்குமா என்று சில தோழர்கள் சலித்துக்கொள்ளுகிறார்கள். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில், பொது ரஸ்தாவும் பொதுக் கிணறும் தாழ்த்தப்பட்டாருக்கும் உண்டென்று தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்றிய பிறகுதான், ஊரார் அக்கிரமத்துக்கு எதிராகக் காட்ட ஒரு சர்க்கார் காகிதமாவது கையில் கிடைத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் அதே சபையில் தேவதாசி முறையைப் பற்றி எடுத்த பேச்சு, 1947-ல் தடைச் சட்டமாக முடிய இருபது வருஷம் பிடித்தது. சாஸ்திரமும் சம்பிரதாயமும் குறுக்கே படுத்துக்கொண்டாலும் விடாமல் கேட்டதால்தான் அதுவும் முடிந்தது.

ஆகையால் எப்படிக் கேட்பது என்பதை அங்கத்தினர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். "சாவு உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்று வரும். இந்த ஜில்லாவில் இத்தனாந் தேதி முதல் இத்தனாந் தேதி வரை சாக்கடைக்குள்ளோ மலக்குழிக்குள்ளோ இறங்கிச் செத்தவர்கள், எந்தச் சட்டப் பெயரில் இருந்தாலும் சரி, எத்தனை பேர்? அவர்களை இறக்கியது முனிசிபாலிட்டியா, கண்டிராக்டரா, வீட்டுக்காரரா? சட்டத்தின் 9-வது பிரிவில் முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை ஜெயிலும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறதே, அதன்படி எத்தனை வழக்கு, எத்தனை பேருக்குத் தண்டனை? சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் என்றும், 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றும் உத்தரவு போட்டதே, எத்தனை குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது, சேராத குடும்பம் எது, ஏன் சேரவில்லை? இந்த முனிசிபாலிட்டியில் குழி உறிஞ்சும் யந்திரம் எத்தனை, அதில் ஓடுவது எத்தனை? இப்படித் துண்டு துண்டாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வரவேண்டும். எண் வராவிட்டால் அதையே மறு கேள்வியாக்கலாம்.

லோக் சபையில் நாளொன்றுக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்வியும், எழுத்துப் பதிலுக்கு 230 கேள்வியும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இடம் இல்லையென்று சொல்ல முடியாது. உங்கள் ஊர் மலக்குழியில் யாராவது செத்திருந்தால், செத்தவர் பேர், தேதி, இறக்கிய கண்டிராக்டர், போலீசில் பதிந்த பிரிவு, நஷ்டஈடு வந்ததா இல்லையா என்ற ஐந்து விவரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி உங்கள் தொகுதி அங்கத்தினருக்குத் தபாலில் அனுப்புங்கள். கேள்விக்கு நோட்டீசு 15 நாளுக்கு முன்னால் கொடுக்கவேண்டுமாதலால், கூட்டம் கூடுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே அனுப்பிவிடுவது நல்லது.