முதல் நாவலும் இலவசப் பிரதியும்

சென்ற வாரம் நம் காரியாலயத்திற்கு உபாத்தியாயர் ஒருவர் வந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வயது முப்பதுக்கு மேல் அதிகமிராது. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு தாமே அச்சிட்ட தமது முதல் நாவலின் பிரதிகள் சில இருந்தன. உப்பளத்திலே கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. இரண்டு பிரதிகளை எடுத்து நம் மேஜைமீது வைத்து, "ஐயா, பத்து வரி எழுதினால் போதும்" என்றார். எத்தனை பிரதி அச்சிட்டீர்கள் என்று வினவினோம். 500 என்றார். எத்தனை விலை போயின? முப்பதுக்குள். உற்றாருக்கும் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் இலவசமாகப் போனவை எண்பதுக்கு மேல். மிச்சமெல்லாம் கட்டிலுக்கடியில் கிடக்கின்றனவாம்.

உப்பளத் தொழிலாளரிடம் இதைக் கொண்டு போய்க் காட்டினீர்களா, கடைகளில் கேட்டுப் பார்த்தீர்களா என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என் புஸ்தகத்தை வாங்குங்கள் என்று நானே போய்க் கேட்பது கேவலமாக இருக்கிறதே, ஐயா" என்றார். அந்த ஒரு வாக்கியமே இன்று நம்மை எழுதத் தூண்டியது.

இந்தக் கூச்சம் அவர் ஒருவருடைய கூச்சமன்று. தமிழ் நாட்டில் சொந்தச் செலவில் முதல் நூலை வெளியிடும் ஆசிரியர் பலரிடமும் நாம் இதைக் கண்டிருக்கிறோம். எழுதுவது புனிதமான காரியம், விற்பது செட்டித்தனம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாம் வக்கீல் தொழிலில் பழகியவர்கள். வக்கீல் தன்னைத்தானே விளம்பரம் செய்துகொள்ளலாகாது என்பது எங்கள் தொழிலுக்கு விதிக்கப்பட்ட சட்டம். அதை மீறினால் தண்டனை உண்டு. நாவலாசிரியருக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. இல்லாத சட்டத்துக்குப் பயந்து அவர் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

அந்த உபாத்தியாயரின் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு சரித்திரம் நடந்திருக்கிறது. 1906-ம் வருஷத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு சேர்க்கப் புறப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் ஒரு வக்கீல். பங்கு ஒன்று 25 ரூபாய். வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் அலைந்து கேட்டார். கேட்பது கேவலம் என்று அவர் தூத்துக்குடியிலேயே உட்கார்ந்திருந்தால் கப்பல் வந்திருக்குமா? பின்னர் கதர் இயக்கத்தின்போது, வசதியான குடும்பத்தில் பிறந்த ஈ. வெ. ராமசாமியார் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார். மூட்டை சுமந்ததால் அவருடைய மதிப்பு உயர்ந்ததே யொழியக் குறையவில்லை. துணிக்குச் சுமக்கலாமென்றால் எழுத்துக்கும் சுமக்கலாம்.

தமிழ் நாவலின் பிறப்பே இதற்குச் சாட்சி கூறும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையவர்கள் 1879-ம் வருஷத்தில் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டபோது, தமிழில் நாவல் என்ற சரக்கே கிடையாது. அதை வாங்குவோர் யார், படிப்போர் யார் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே இதை எழுதினேன் என்று முகவுரையிலே அவர் எடுத்துரைத்தார். நியாயாசனத்தில் இருந்து பழகியவர், தம் நூலுக்காகத் தாமே வக்கீலாக எழுந்து நின்றார். 1887-ல் 'சீவக சிந்தாமணி'யைப் பதிப்பித்த சாமிநாதையரவர்கள், அச்சுச் செலவுக்காக முன்னதாகவே பலரிடம் கையொப்பம் வாங்கினார். உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்த அ. மாதவையா, பிற்காலத்தில் சொந்தமாக அச்சுக்கூடமே வைத்தார். 1924-ல் 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையையும் தொடங்கினார். வை. மு. கோதைநாயகி அம்மையார், 1925-ல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தி, தமது 'வைதேகி' நாவலை அதிலேயே வெளியிட்டார். தேச விடுதலைக்காகச் சிறை சென்ற அந்த அம்மையாருக்குத் தம் நாவலை ஜனங்களிடம் கொண்டு செல்ல எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

எல்லோரிலும் மேலாக நம் மனத்தில் நிற்பது பாரதியார் செய்த முயற்சியே. 1920-ம் வருஷத்தில், தம் எழுத்துக்கள் அனைத்தையும் 40 புஸ்தகங்களாக, புஸ்தகம் ஒன்றுக்கு 10,000 பிரதிகள் வீதம் அச்சிட அவர் திட்டமிட்டு, நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மொத்தம் 4 லக்ஷம் பிரதிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எப்படி வீடுதோறும் செலவாகின்றனவோ, அதைக் காட்டிலும் சுலபமாகத் தம் நூல்கள் விலைபோகும் என்று அவர் நம்பினார். இதற்காக அவர் தானம் கேட்கவில்லை. வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடன்தான் கேட்டார். கவியரசரின் கணக்கு என்று சிலர் இதைக் கேட்டுப் புன்னகை செய்வதுண்டு. நாம் புன்னகை செய்யமாட்டோம். தமிழனுக்குப் புஸ்தகம் என்பது மண்ணெண்ணெயைப் போல அன்றாடத் தேவையாக வேண்டும் என்று எண்ணிய வியாபாரி அதற்கு முன் நம்மிடையே யார் இருந்தார்? பணம் வரவில்லை. மறு வருஷமே அவரும் மறைந்தார். பிழை கணக்கிலே இல்லை. கடிதத்தைப் பெற்றுக்கொண்டு சும்மா இருந்தவர்களிடம் இருந்தது.

விற்பதில் வெட்கமில்லை என்று சொல்லும்போதே, எப்படி விற்றாலும் சரி என்று நாம் சொல்வதாக நேயர்கள் கொள்ளக் கூடாது. 1893-ல் ஸ்டீபன் கிரேன் என்ற அமெரிக்க இளைஞர், நியூயார்க் நகரத்து ஏழைச் சேரியில் வளர்ந்த 'மாகி' என்ற பெண்ணைப் பற்றித் தமது முதல் நாவலை எழுதினார். பிரசுரிக்க ஆள் கிடைக்காமல் சொந்தப் பணத்தைப் போட்டு, புனைபெயரில் அச்சிட்டார். பிரதிகள் அசையவில்லை. நான்கு பேரைக் கூலிக்கு அமர்த்தி, நகரத்து ரயில் வண்டியில் எல்லோருக்கும் தெரியும்படி அதைக் கையில் பிடித்துப் படிக்கச் செய்தார் என்று கதை சொல்வார்கள். அப்போதும் வாங்க ஆளில்லை. அவரைக் காப்பாற்றியது அந்தத் தந்திரம் அன்று. ஹாவெல்ஸ் போன்ற எழுத்தாளர்கள் அந்நாவலை உண்மையாகவே படித்தார்கள், பாராட்டினார்கள். 1895-ல் வேறொரு நாவலால் கிரேன் புகழ் பெற்றார். மறு வருஷம் பிரசுராலயம் ஒன்று 'மாகி'யையும் ஏற்று வெளியிட்டது.

கூலிக்குப் படிக்கும் அந்த நான்கு பேர் இன்று நம் நாட்டிலும் இருக்கிறார்கள். ரயில் வண்டியில் மட்டும் இல்லை. இணைய அங்காடிகளில் மைத்துனரும் மைத்துனரின் நண்பரும் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். வெளியீட்டு விழா மேடைகளில் பொன்னாடை போர்த்திக்கொண்டு, அட்டைக்கு அப்பால் ஒரு பக்கமும் புரட்டாத பிரமுகர்கள் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். விழாச் செலவைக் கூட்டிப் பார்த்தால் இன்னுமொரு 200 பிரதி அச்சிட்டிருக்கலாம். அந்த உபாத்தியாயரும் விழா நடத்தியவர்தான். வந்தவர் அனைவருக்கும் சிற்றுண்டியும் ஒரு பிரதியும் கொடுத்தாராம். சிற்றுண்டி செலவாயிற்று, பிரதியைப் படித்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

நம்மிடம் யோசனை கேட்டு வரும் முதல் நாவலாசிரியர்களில் சிலர் இதைவிடப் பெரிய பள்ளத்தில் விழுந்தவர்கள். பிரசுரிப்பதாகச் சொல்லி ஆசிரியரிடமே முழுச் செலவையும் வாங்கிக்கொண்டு, எத்தனை பிரதி அச்சாயிற்று என்ற கணக்கைக் காட்டாமல், பதிப்புரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வோர் உண்டு. கையெழுத்திடுமுன் பத்திரத்தைப் படியுங்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது அதிகமில்லை. பணம் உங்களுடையதாயின் பிரதிகளும் உரிமையும் உங்களுடையனவாகவே இருக்க வேண்டும். கடைக்காரரிடம் பிரதிகளை ஒப்படைத்தால் எத்தனை, எவ்வளவு கழிவு, எந்தத் தேதியில் கணக்கு என்று எழுதி வாங்குங்கள். தாமே வெளியிட்டவர் சட்டத்தின் கண்ணில் பிரசுரகர்த்தரும் ஆவார். 1954-ம் வருஷத்துச் சட்டப்படி, கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கும், நம் சென்னைக் கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் தம் செலவில் பிரதி அனுப்பக் கடமைப்பட்டவர். உபாத்தியாயருக்கு இது தெரிந்திருக்கவில்லை. கட்டிலுக்கடியில் உள்ளவற்றைக் கரையான் தின்றாலும் அந்த நான்கு பிரதிகள் பிழைக்கும் என்றோம். முதன்முறையாகச் சிரித்தார்.

பிறகு அவரிடம் நாம் சொன்னது இது. உங்கள் கதை உப்பளத்துக் கதை. அதை முதலில் யார் படிக்க வேண்டும்? சென்னையில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் நாமா? அளத்து வேலை முடிந்து வீடு திரும்பும் வாலிபர்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தொழிலாளர் சங்கத்துக் கூடத்தில் ஒரு மாலையில் போய், முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பேச வேண்டாம்; படியுங்கள். உப்பு வாருவதைப் பற்றி நீங்கள் எழுதியதில் தப்பிருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அதைவிட நல்ல மதிப்புரை எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காது. கடைசியில், விலையைச் சொல்லி, வேண்டியவர் வாங்கலாம் என்று சொல்லுங்கள். பத்துப் பேர் வாங்கினாலும் அந்தப் பத்துப் பேர் படிப்பார்கள். மின்னூலாகவும் போடலாம்; அதற்குக் காகிதச் செலவில்லை. ஆனால் அதையும் யாராவது ஒருவர் இன்னொருவரிடம் சொன்னால்தான் திறப்பார்கள்.

இனி வாசகர்களிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. கல்யாணத்துக்கு மொய் எழுதத் தவறாத உறவினர், காதுகுத்துக்கு வந்து தட்டில் பணம் வைக்கத் தவறாத நண்பர், நாவல் அச்சானவுடன் மட்டும் "எனக்கு ஒரு பிரதி கொடுக்கவில்லையே" என்று கோபித்துக்கொள்கிறார். தையற்காரன் நண்பனென்றால் சட்டையை இலவசமாகவா தைத்து வாங்குகிறோம்? அரசியல் தொண்டில் ஈடுபட்டவர்களே இதில் முதல் குற்றவாளிகள் என்பதை நம் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழின் வளர்ச்சியைப் பற்றி இரவெல்லாம் மேடையில் முழங்கிவிட்டு, காலையில் அன்பளிப்புப் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களை நாம் அறிவோம். 1948-ம் வருஷத்தில் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றி, வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்க வழி செய்தது. இந்தியாவுக்கே முன்மாதிரியான நல்ல காரியம். ஆயினும் எல்லா நூல்களையும் சர்க்காரே வாங்கிக்கொள்ளட்டும் என்று ஜனங்கள் ஒதுங்கிவிட்டால், எந்தக் கதை எழுதலாம் என்று சர்க்காரைக் கேட்கும் நாளும் வந்து சேரும். உப்பளக் கூலியின் கதையை எழுதுகிறவர் யாருடைய உத்தரவையும் எதிர்பார்க்காமல் எழுத வேண்டுமானால், அவருக்கு விலை கொடுக்கும் வாசகர் 300 பேராவது வேண்டும்.

பிறரைக் குற்றம் சொல்லுமுன் நம் மேஜையையும் பார்க்க வேண்டுமல்லவா? மதிப்புரைக்கு வரும் நூல்களின் பெயரை 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழ்ப் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, அலமாரியில் அடுக்குவது நம் பத்திரிகையின் வழக்கம். அலமாரி நிறைந்தால் அவை எங்கே போகின்றன என்று நாம் இதுவரை கேட்டதில்லை. உபாத்தியாயர் போன பிறகு கேட்டோம். பழைய காகிதக்காரர் வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறாராம். ஆசிரியர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய பிரதிகளும் அவற்றில் இருந்திருக்கும். நாம் வெட்கப்பட்டோம்.

ஆகவே இந்த மாதம் முதல், சொந்தச் செலவில் வெளியான முதல் நாவல் ஒன்றுக்கு ஞாயிறுதோறும் முழு மதிப்புரை வெளியிடுவதென்று தீர்மானித்திருக்கிறோம். கடைசிப் பக்கம் வரை படித்தவர் மட்டுமே அதை எழுதுவார். ஆசிரியரிடம் விளம்பரக் கட்டணம் எதிர்பார்க்கமாட்டோம். மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளும் பிரதியை விலை கொடுத்தே வாங்குவோம்.

அதை அன்றே தொடங்கினோம். இரண்டு பிரதிக்கும் பணத்தை நீட்டியபோது உபாத்தியாயர் பதறிப்போய், ஒன்றுக்கு மட்டும் போதும், மற்றது அன்பளிப்பாக இருக்கட்டும் என்றார். நாம் இணங்கவில்லை. நீண்ட நேரம் தயங்கி, நோட்டுக்களை எண்ணாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எண்ணிப் பாருங்கள் என்றோம். எண்ணினார். மதிப்புரை வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியாகும். நாவல் நன்றாக இல்லாவிடில் நன்றாக இல்லையென்றே எழுதுவோம் என்பதையும் அவரிடம் சொல்லித்தான் அனுப்பினோம்.