ஒரு சாண் போர்வண்டி

நம் மன்றத்தின் ஆண்டுவிழாப் பொருட்காட்சியில் டாங்கி ஒன்றின் சிற்றுருவத்தை வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். “தமிழ் மன்றத்துக்கும் டாங்கிக்கும் என்ன உறவு? கொல்லும் கருவியைப் பொம்மையாக்கிப் போற்றுவதா?” என்று ஒரு சாரார் கேட்டனர். “நாடு வென்றதைக் காட்டுவதில் வெட்கம் என்ன? பளபளக்கும் புது வண்டியாகச் செய்து, கொடியும் நாட்டி வைப்போம்” என்று மறுசாரார் முழங்கினர். இரு கட்சியிலும் என்னால் சேர இயலவில்லை. சிற்றுருவத்தை வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஏதோ ஒரு டாங்கியை வைப்பதால் பயனில்லை. பெயருள்ள ஒரு வண்டியை, அது நின்ற நாளோடும் இடத்தோடும், அதனுள் அமர்ந்திருந்த மனிதர்களின் பெயர்களோடும் வைக்க வேண்டும். இதுவே என் கருத்து. அதற்கான காரணங்களை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில், இந்தக் கலையை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். கடையில் ஒரு பெட்டி கிடைக்கும். அதனுள் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். சக்கரம், சங்கிலிப் பட்டை, பீரங்கிக் குழல், கைப்பிடி என்று நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகள், கொடியில் காய்கள் தொங்குவதுபோல் அச்சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டுக்குறட்டால் நறுக்கி எடுத்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, வண்ணம் பூச வேண்டும். இது பாதி வேலைதான். புதுப் பிளாஸ்டிக்காக இருப்பதைச் சேற்றில் உழன்ற இரும்பாகத் தோன்றச் செய்வது மறுபாதி. எண்ணெய்ச் சாயத்தை நீர்போல் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டால் நிழல் பிறக்கும். தூரிகையில் உள்ள சாயத்தைத் துணியில் துடைத்துவிட்டு, எஞ்சிய ஈரத்தால் விளிம்புகளை மெல்ல வருடினால், வீரர்களின் காலும் கையும் பட்டுத் தேய்ந்த இடங்கள் வெளிப்படும். சுண்ணக்கட்டித் தூளைத் தடவினால் அது புழுதியாகிவிடும்.

இவ்வகைச் சிற்றுருவங்கள் பெரும்பாலும் 35-இல் ஒரு பங்கு அளவில் அமைகின்றன. ஏன் 35? ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் என்னும் ஜெர்மானிய டாங்கியைச் சிற்றுருவமாக வெளியிட்டது. அது மின்மோட்டாரால் ஓடும் பொம்மை. மோட்டாரும் பாட்டரிகளும் வயிற்றில் அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு ஏறத்தாழ 35-இல் ஒரு பங்காக இருந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. இன்று உலகம் முழுவதும் வழங்கும் அளவு, ஒரு பாட்டரியின் பருமனால் பிறந்த அளவு!

இந்த அளவில் சென்சூரியன் என்ற டாங்கியை எண்ணிப் பாருங்கள். அதன் உடல் நீளம் ஏறத்தாழ 7.6 மீட்டர், 35-ஆல் வகுத்தால் 21.7 சென்டிமீட்டர். நம் கையால் ஒரு சாண். அகலம் 3.39 மீட்டர், மேசைமேல் அது 9.7 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 52 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால், எடைக்கு 35-ஐ மும்முறை பெருக்கி வந்த 42,875-ஆல் வகுக்க வேண்டும். 1.2 கிலோ வரும். கணக்கு இவ்வளவும் செய்து கொடுக்கும். ஆனால் அடைத்த இரும்புப் பெட்டிக்குள் எழும் வெப்பத்தையும், இரைச்சலையும், புகையையும், உள்ளே இருப்பவனின் அச்சத்தையும் எந்த எண்ணால் வகுப்பது? சிற்றுருவம் செய்பவன் சந்திக்கும் உண்மையான சிக்கல் இதுதான். வடிவத்தைக் குறைத்துக் காட்டலாம். அங்கு நேர்ந்ததைக் குறைத்துக் காட்டலாகாது.

பளபளக்கும் புதுவண்டி வேண்டும் என்கிற நண்பர்களோடு நான் மாறுபடுவது இவ்விடத்தில்தான். கீறலும் கருகலும் இல்லாத டாங்கி தொழிற்சாலை வாயிலில் நின்ற டாங்கி. போருக்குப் போன டாங்கி அன்று. ஒருவர் உயிர் கொடுத்த இடத்தில் பளபளப்பைப் பூசுவது அழகு அன்று, மறைப்பு.

இனி, எந்த வண்டியைச் செய்வது? நாம் படிக்கும் இந்தப் புனே நகரமே விடை தருகிறது. 1817-இல் இங்குத் தோன்றிய குதிரைப்படை ஒன்று, குதிரைகளை விட்டு டாங்கிகளுக்கு மாறிய பின்னும், பூனா குதிரைப்படை என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. 1965 செப்டம்பரில் அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் தாராபூர் களத்தில் வீழ்ந்து பரமவீர சக்கரம் பெற்றார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே படையில் இன்னொருவர் அவ்விருதைப் பெற்றார். அவர் அருண் கேத்தர்பால். 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்தவர். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயின்றவர். 1971 ஜூனில் படையில் சேர்ந்தார்; அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று, ஷக்கர்கர் பகுதியில் பஸந்தர் ஆற்றுப் போரில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 21. நம்முள் பலருடைய வயது.

அவர் ஏறியிருந்த சென்சூரியனுக்குப் ‘ஃபமகுஸ்தா’ என்று பெயர். சைப்ரஸ் தீவில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயர் அது. வண்டி சுடப்பட்டுத் தீப்பற்றியது. அதை விட்டு வெளியேறுமாறு வானொலியில் ஆணை வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று கூறி அவர் மறுத்துவிட்டார். அன்று அவர் தாமே நான்கு டாங்கிகளை அழித்ததாகவும், அவற்றுள் கடைசி டாங்கி ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவில்தான் நின்றதாகவும் விருதின் அறிவிப்புரை கூறுகிறது. அந்த 100 மீட்டரை 35-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று மீட்டருக்கும் குறைவு! விடுதியில் நம் அறையின் ஒரு சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே உள்ள தூரம். ஒரு சாண் வண்டி ஒன்றை இந்தச் சுவரோரமும், மற்றொன்றை அந்தச் சுவரோரமும் வைத்துவிட்டு நடுவில் நின்று பார்த்தால், எந்தப் பாடநூலும் சொல்லாத ஒன்று விளங்கும்.

நுணுக்கம் என்பது உண்மைக்குச் செய்யும் மரியாதை. கடையில் வாங்கும் சென்சூரியன் பெட்டிகளில் பெரும்பாலும் பிரித்தானியப் படைக்கோ இஸ்ரேலியப் படைக்கோ உரிய அடையாளங்களே இருக்கும். ஃபமகுஸ்தா என்ற பெயரை நம் கையால்தான் எழுத வேண்டும். சக்கரத்தில் பூசும் சேற்றையும் எண்ணிப் பூச வேண்டும். நம் விடுதித் தோட்டத்துக் கரிசல் மண்ணைப் பூசினால் அது தக்காணத்துச் சேறு. பஸந்தர் ஆறு பாய்வது பஞ்சாபின் வண்டல் நிலத்தில். அங்கு மண் வெளிறிய பழுப்பு. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்யும்போது, ‘போர்’ என்ற பெரிய சொல் கரைந்து, ஒரு நாளும் ஓர் ஆற்றங்கரையும் சில மனிதர்களும் எஞ்சுவார்கள்.

அந்த மனிதர்கள் எத்தனை பேர்? சென்சூரியனில் அமர்பவர் நால்வர். ஆனால் சிற்றுருவங்களில் மேல்வாயிலில் மார்பளவு எழுந்து நிற்கும் தலைவரை மட்டுமே பெரும்பாலும் காண்கிறோம். மற்ற மூவர் இரும்புக்குள் மறைந்துவிடுகின்றனர். ஃபமகுஸ்தாவில் வண்டியை ஓட்டியவர் பிரயாக் சிங். பீரங்கியை இயக்கியவர் நாத்து சிங். வானொலியைக் கவனித்தவர் நந்த் சிங். கேத்தர்பாலின் பெயரை அறிந்தவர் நம்முள் பலர். இம்மூவரின் பெயரை இதற்கு முன் கேட்டவர் எத்தனை பேர்?

“தமிழ் மன்றத்துக்கும் டாங்கிக்கும் என்ன உறவு?” என்று கேட்ட நண்பர்களுக்கு இங்கே விடை சொல்கிறேன். வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டவர்கள் நம் முன்னோர். செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள நடுகற்களைப் பற்றிப் படித்துப் பாருங்கள். ‘வீரம் வாழ்க’ என்று பொதுவாக எழுதி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த மன்னனின் எத்தனையாம் ஆண்டு, எந்த ஊர், எந்தப் பூசல், இறந்தவன் யார் என்று வெட்டி வைத்தனர். பல்லவர் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், தலைவனோடு நின்ற ஒரு நாயின் உருவமும் உண்டு. கோவிவன் என்ற அதன் பெயரும் உண்டு. நாயின் பெயரையும் மறவாத மரபில் வந்த நாம், வண்டியோட்டியின் பெயரை மறக்கலாமா? பெயரும் நாளும் தாங்கிய சிற்றுருவம் என் கண்ணுக்கு ஒரு நடுகல்லாகவே தோன்றுகிறது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது, விஜயந்தா டாங்கி அங்கிருந்து வந்தது என்று சொல்லி நாம் பெருமை கொள்வதுண்டு. அதைவிட இந்த உறவே ஆழமானது என்பேன்.

இந்நகரத்துக்கும் இது புதிதன்று. தீபாவளி நாட்களில் இங்குள்ள பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் மண்ணால் கோட்டை கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உச்சியில் சிவாஜியை அமர்த்தி, படிதோறும் களிமண் வீரர்களை நிறுத்தி, விதை தூவி முளைக்கவிட்டுப் பசுமையும் உண்டாக்குவர். நம் வீட்டுக் கொலுவுக்கு அது உடன்பிறப்பு. கோத்ரூடில் 1998 முதல் இயங்கிவரும் ஜோஷி சிற்றுருவ ரயில் காட்சிச்சாலையைக் கண்டவர்களுக்கு, சிறியதில் பெரியதைக் காட்டும் ஆற்றலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கொல்லும் கருவியைப் போற்றுவதா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அது நியாயமான கேள்வி. அதற்கு விடை எதிர்ப்புறத்தில் நின்றவரிடமிருந்தே வந்தது. கேத்தர்பாலின் தந்தை பிரிகேடியர் எம். எல். கேத்தர்பால், 2001-இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், தம் முன்னோரின் ஊராகிய சர்கோதாவைக் காணப் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவருக்கு விருந்தோம்பியவர் பிரிகேடியர் குவாஜா முகம்மது நாசர். பஸந்தர் போரில் பாகிஸ்தானின் 13-ஆம் லான்சர்ஸ் படையில் இருந்தவர். உங்கள் மகன் இறந்தது என் கையால் என்று அந்தத் தந்தையிடம் அவரே கூறினார். முப்பது ஆண்டுகள் ஒருவர் நெஞ்சில் கிடந்த சுமை அது. எதிரி என்ற சொல்லுக்குள்ளும் ஒரு பெயர் இருந்தது. ஆகவே நம் சிற்றுருவத்துக்கு எதிரே, மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், ஒரு பாட்டன் டாங்கியும் நிற்க வேண்டும் என்று கேட்கிறேன். அதையும் ஏளனமாகச் செய்யாமல், அதே கவனத்தோடு செய்ய வேண்டும். அந்தக் காட்சியைக் கண்டு திரும்புபவன் போரை விரும்பமாட்டான் என்று நம்புகிறேன்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். பெட்டியின் விலை ஒருவருக்குச் சுமை. பத்துப் பேர் பகிர்ந்தால் சில நாள் தேநீர்ச் செலவு. தூரிகைகள் அப்பா பல்வந்த் சவுக்கில் கிடைக்கும். தப்கீர் கல்லியில் வாங்கும் மின்கம்பியைப் பிரித்தால், உள்ளிருக்கும் செப்பு இழைகள் கைப்பிடிகளாகும். மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் இழுத்தால், மயிரிழைபோல் நீளும். அதுவே வானொலிக் கம்பம். மெல்லிய காகிதத்தை நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து மடித்து வைத்தால், காய்ந்ததும் தார்ப்பாய். மழைக்காலத்தில் வண்ணம் காய நாளாகும். அக்டோபரில் தொடங்குவதே நலம்.

தொடங்குமுன் ஒரு நாள் பயணமும் வேண்டும். புனேயிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டரில், முன்பு அகமத்நகர் எனப்பட்ட அகில்யாநகர் இருக்கிறது. 1994-இல் அமைந்த டாங்கிக் காட்சிச்சாலை அங்கு உள்ளது. மட்டில்டா, வாலன்டைன், சர்ச்சில், சென்சூரியன், பாட்டன் என்று பல நாட்டு வண்டிகள் வெட்டவெளியில் நிற்கின்றன. ஓர் இரும்புச் சுவரின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவன் சிற்றுருவம் செய்யும் விதமே வேறு. சீர்செய்யப்பட்ட ஃபமகுஸ்தாவும் அதே ஊரில், கவசப்படைப் பள்ளியில் காக்கப்படுகிறது. அதைக் காண இசைவு கேட்டு மன்றத்தின் பெயரால் ஒரு கடிதம் எழுதுவோம்.

நண்பர்களே, என் வேண்டுகோள் இதுதான். டிசம்பர் 16-க்குள் இரு வண்டிகளையும் செய்து முடிப்போம். நம் வண்டியின் கீழே நான்கு பெயர்களையும் தமிழில் எழுதி வைப்போம். வண்டியைச் செய்யத் தெரிந்தவர்கள் மட்டும் வந்தால் போதாது. மண்ணின் நிறத்தையும் வண்டியின் தழும்புகளையும் பற்றித் தேடிப் படித்துச் சொல்பவர்களும் வேண்டும். பொருட்காட்சிக்கு எதிர்ப்புத் தெரிவித்த நண்பர்களையே முதலில் அழைக்கிறேன். பெயர்ப்பலகையின் வாசகத்தை அவர்கள் எழுதட்டும்.