ஆள் நிற்கும் இடத்துக்கு எச்சரிக்கை வரவேண்டும்!

மழைக்காலம் வந்தால் சடையங்குப்பத்தில் ஒரே பேச்சுதான்.

"பூண்டி ஏரியைத் திறந்துவிட்டார்களா?"

பூண்டியில் திறக்கும் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் ஓடி, எண்ணூரில் கடலில் கலக்கிறது. கடலுக்குச் சற்று முன்னால் சடையங்குப்பம். 2021 நவம்பரில் ஆறு பெருகி, வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது.

"கரையோர மக்கள் வெளியேறுங்கள்" என்று இப்போது செல்போனில் செய்தி வருகிறது. நல்லதுதான். ஆனால், மக்கள் ஒரே இடத்திலா இருக்கிறார்கள்?

தாய் ராயபுரத்தில் வேலையில் இருப்பாள். பிள்ளைகள் வீட்டில். மணலி சாலை ஓரம் வெளியூர் லாரி டிரைவர் தூங்கிக்கொண்டிருப்பார். கொசஸ்தலை எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது.

"தண்ணீர் வரும் இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்?"

இதை ஒரு தடவை கேட்டால் போதாது. ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். தண்ணீரும் நகரும். வெள்ளம் வடிகிறவரை கேள்வி ஓயக்கூடாது. கம்ப்யூட்டர் நிபுணர்கள் இதைத் 'தொடர் கேள்வி' என்கிறார்கள்.

வினாடிக்கு வினாடி எல்லாப் போனையும் விசாரித்தால் யந்திரம் திணறும். போனில் சார்ஜ் தீரும். வெள்ளத்தில் கரண்ட் ஏது?

அதற்கும் வழி உண்டு. 2004-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையைச் சொன்னார்கள். முழுப் பட்டியலையும் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டாம். புதிதாக உள்ளே வந்தவர் யார், வெளியே போனவர் யார், அதைமட்டும் சொன்னால் போதும் என்றார்கள்.

இன்னொன்று, எல்லைக்கோடு. "தெருமுனைவரை விளையாடு, தாண்டினால் சொல்லிவிட்டுப் போ" என்கிறாளே தாய், அதே சங்கதி! கோடு தாண்டும்வரை போன் வாய் திறக்காது. கடல் எல்லையை நெருங்கும் படகை எச்சரிக்கும் கருவிக்கும் இதுதான் அடிப்படை.

படகுக்குச் செய்ததை வீட்டுக்கும் செய்யவேண்டும்.

'போகிற இடமெல்லாம் சர்க்கார் பார்க்குமோ?' என்ற அச்சம் நியாயமானதே. அந்தக் கோடு போனுக்குள்ளேயே இருந்துவிட்டால், போன் தானே பார்த்துக்கொள்ளும். ஆள் இருக்கும் இடம் வெளியே போகாது. அப்படித்தான் அமைக்கவேண்டும்.

லாரி டிரைவருக்குத் தெலுங்கிலோ இந்தியிலோ எச்சரிக்கை போகவேண்டும். ராயபுரத்துத் தாய், "சடையங்குப்பத்தில் தண்ணீர் ஏறினால் எனக்குச் சொல்" என்று ஒரே தடவை பதிந்துவைக்க வசதி வேண்டும். பிறகு எங்கே இருந்தாலும் சேதி வரவேண்டும்.

பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு?

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோதான். அதை நிறுத்திவிடாதீர்கள்!