முடிவு தெரியும் வரை...

புற்று நோய்க்குச் சிகிச்சை முடிந்தது. உதிர்ந்த முடி மீண்டும் வளர்ந்தது. அந்தத் தாய் பழையபடி வீட்டு வேலைகளைப் பார்க்கத் தொடங்கினாள். வீட்டில் சிரிப்பு திரும்பியது.

ஆறு மாதம் கழித்து மறு பரிசோதனை. "ஸ்கேன்" எடுத்தார்கள். "வெள்ளிக்கிழமை முடிவு தெரியும்" என்றார்கள்.

அன்று முதல் அவளுக்குத் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. முதுகு லேசாக வலித்தாலும், "நோய் திரும்பி விட்டதோ?" என்று நெஞ்சு பதறுகிறது.

இது கோழைத்தனம் அல்ல. புற்று நோயில் இருந்து மீண்ட பலருக்கும் இந்தப் பயம் உண்டு.

தாமதம் ஏன்?

முடிவு வர நாளானால், "கெட்ட செய்தி போலிருக்கிறது" என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

ஸ்கேன் படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சதையைக் கிள்ளி எடுத்திருந்தால், அதை மருந்தில் ஊற வைத்து, மெழுகில் பதித்து, காகிதத்தை விட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் நாளாகும் அல்லவா?

வீட்டார் கடமை

"ஒன்றும் இருக்காது, சும்மா இரு" என்று அடக்கக் கூடாது. அதனால் அவள் வாய்தான் மூடும். பயம் போகாது. அவள் பேசட்டும். வீட்டார் காது கொடுத்துக் கேட்கட்டும்.

முடிவை என்று, யாரிடம் வாங்குவது என்று முன்பே கேட்டுக் கொள்ள வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். முடிவுக்கு அவரிடமே விளக்கம் கேட்க வேண்டும். செல்போனில் தேடிக் குழம்பக் கூடாது.

தவிப்பு தாங்க முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது 2022-ல் மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்" மன நல உதவி. தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.

பயந்து கொண்டு பரிசோதனைக்கே போகாமல் இருப்பதுதான் ஆபத்து! பரிசோதனை நோயைக் கொண்டு வருவது இல்லை. இருந்தால் காட்டிக் கொடுக்கிறது. சீக்கிரம் தெரிந்தால், பல சமயங்களில் சிகிச்சைக்கு வழி அதிகம்.

தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் சென்னை அடையாறில் புற்று நோய் மருத்துவமனையைத் தொடங்கினார். புற்று நோய் என்றால் சாவுதான் என்று ஊரே நம்பிய காலம் அது. இன்று பிழைத்தவர்கள் ஏராளம். மறு பரிசோதனை என்பதே பிழைத்தவர்களுக்குத்தான்!

வெள்ளிக்கிழமை வரும். அன்று அவள் தனியாகப் போகக் கூடாது.