பெயர் சொல்லாத சாதி



கதையில் சாதியை எழுதினால் சாதி வளரும் என்று கோவையில் படித்தவர்களே சொல்கிறார்கள். அவர்கள் எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'பூக்குழி'யை (2013) வாசிக்க வேண்டும். சாதி மறுப்பு மணம் செய்த தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நாவல் அது. குமரேசன் காதலித்து மணந்து ஊருக்குக் கூட்டிவரும் சரோஜா என்ன சாதி என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. ஊர் அவளுடைய வெளுத்த நிறத்தை எடைபோடுகிறது, துருவித் துருவிக் கேட்கிறது. மாமியாரின் வசவு ஓய்வதில்லை. நம் திண்ணைகளில் இன்றும் கேட்கிற பேச்சுதான். சாதிப் பெயர் இல்லாததால், 'இது வேறு யாரையோ சொல்கிறது' என்று எந்த வாசகரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்த நாவலின் பெரும்பலமாக நான் நினைப்பது அதைத்தான்.

அவருடைய 'கூளமாதாரி' (2000) நேர் எதிர்வழியில் போகிறது. பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர்களைச் சாதி அடையாளத்தோடே காட்டுகிறது. காட்டில் அந்தச் சிறுவன் பண்ணையக்காரர் மகனுக்கு விளையாட்டுத் தோழன். வீட்டு வாசலுக்கு வந்தால் தீண்டத்தகாதவன்.

2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுத்தெருவில், சாதி மறுப்பு மணம் செய்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். இவற்றையெல்லாம் பழங்கதை என்று எப்படிச் சொல்வது? கொங்குப் பகுதிக் கல்லூரிகளின் வாசகர் வட்டங்கள் இந்த இரு நாவல்களையும் மாணவர்களிடையே வெளிப்படையாகப் பேச வைக்க வேண்டும்.

- வாசகர், பொள்ளாச்சி